பெக்டரி வளைவு

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள் அப்பா. முக்கியமாக அம்மாவுக்கு. இல்லாமல் போனவரிடம் இப்படிக் கெஞ்சுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் பயமாக இருக்கிறது. எழுதி முடித்ததும் இந்தக் குசினி அடுப்பில் போட்டுவிடுவேன்.

இன்று ரொட்டி வைத்தபோது அம்மாவின் கையில் பெட்ரோல் வாசம். ஒரு கணம் நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று வாசலைப் பார்த்தேன்.

எல்கடுவப் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது. பஸ் இல்லை, ஆட்டோவும் போகாது. ஓரமாக ஒரு பைக் மட்டும் போகலாம். நாளை மாத்தளையில் எனக்கு ஓ.எல். பரீட்சை தொடங்குகிறது. அம்மா உங்கள் பைக்கை மூடியிருந்த படங்கை இழுத்துப் போட்டுவிட்டு, "நானே கொண்டுபோய் விடுறேன்" என்றாள்.

அவள் அதைத் தொட்டுப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டிக்கொண்டு வருவது நம் மலையில் எல்லோருக்கும் பழக்கம். கடைசியாக ஓட்டிய அன்றைக்கு அம்மாவும் அப்படித்தான் வந்தாள். தேயிலை பெக்டரி வளைவில் பிரேக் மட்டும் போதவில்லை; விழுந்தோம். பின்னால் இருந்த எனக்குத் தாடையில் தையல். அன்று சாவியை உங்கள் கையில் வைத்தவள்தான். "நீயே ஓட்டு" என்று எத்தனை தரம் நீட்டினீர்கள்! வாங்கவே இல்லை.

அதன் பிறகு நீங்கள்தான் ஓட்டினீர்கள். நான் முதுகில் சாய்ந்து தூங்கிவிடுவேன் என்று ஒவ்வொரு வளைவிலும் "பாப்பா?" என்பீர்கள். நான் "ம்" சொல்ல வேண்டும். ஒருநாள் ஏதோ கோபத்தில் வாயைத் திறக்கவில்லை. கொட்டும் மழையில் பைக்கை நிறுத்திவிட்டீர்கள். பின்னால் வந்த கொழுந்து லொறி ஹோன் அடித்தது.

"என்னா தம்பி, நடு ரோட்டுலயா குடும்பம் நடத்துறீங்க?"

"எம் மக பேச மாட்டேங்குறாண்ணே."

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "பேசித் தொலையேன் தாயி, கொழுந்து நனையுது!"

சிரிப்பை அடக்க முடியாமல் "ம்" சொன்னேன்.

இன்று சாயந்தரம், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அம்மா சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தாள். உங்கள் ஹெல்மெட் அவளுக்குக் கண்வரை இறங்கியது. பைக் நின்று நின்று போனது.

"என்னாக்கா, நீங்க பைக்க ஓட்டுறீங்களா, பைக்கு ஒங்கள ஓட்டுதா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

"ரொம்ப நாள் கழிச்சுப் பேசிக்கிட்டிருக்கோம், நீ போடி" என்றாள் அம்மா.

பிறகு பைக் அவளுக்கு வசப்பட்டது. சின்ன இறக்கத்தில்கூட எஞ்சினை நிறுத்தவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, "ஏறு, ஒரு சுத்து போவோம்" என்றாள். நின்ற பைக்கிலும் அவள் பிரேக்கை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்தேன். "வயித்து வலி" என்றேன்.

அம்மா இறங்கிப் பைக்கை வீட்டுக்கு உருட்டி வந்தாள். படங்கை எடுத்துத் திரும்ப மூடப் போனாள். பாதியில் விட்டுவிட்டாள்.

நான் பயந்தது தெரிந்தால் இனி அதைத் தொடவே மாட்டாள். விழுவதற்கு நான் பயப்படவில்லை அப்பா. நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் போனீர்கள், ரோட்டில் இல்லை. ஆனாலும் அம்மாவுக்கும் ஏதாவது ஆகிவிட்டால் எனக்கு யார்?

நம்முடைய "ம்" அம்மாவுக்குத் தெரியாது. நாளை எந்த வளைவிலும் கேட்கமாட்டாள். கேட்காமலே நான் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது. நான் தூங்கிவிடுவேன் என்றா கேட்டீர்கள்? முன்னால் இருந்த உங்களுக்கும் பயமாக இருந்ததா அப்பா?

குசினிக் கதவைத் தட்டுகிறாள்.

"பாப்பா? காலையில எங்கூட வர்றியா?"

ம்