என்னிடமே சொல்லாத ஓடிபி

ஆகஸ்ட், செவ்வாய் இரவு

ரீஃபண்ட் எப்போது வரும் என்று கேட்டே இன்றும் எல்லோரும் உயிரை வாங்கினார்கள். ஒரகடத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடையை வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் அலுத்துக்கொள்ள முடியாது.

மனதில் நிற்பது செல்விதான். தென்காசிப் பெண். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலை. நான் தாக்கல் செய்த அவள் கணக்கை ஓடிபி போட்டு உறுதிசெய்ய இன்றே கடைசி நாள். தவறினால் ரீஃபண்ட் சிக்கிக்கொள்ளும். டீ பிரேக்கில் அவள் லாக்கரிலிருந்து போனை எடுக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டு, அவளுக்கு வந்த அந்த எண்ணைக் கேட்டேன்.

"சொல்ல மாட்டேன்க்கா. யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு நீங்கதான போர்டு வச்சிருக்கிய."

"இன்னாம்மா இது, என் குரல்கூடவா தெரியல?"

"குரல் உங்க குரல் மாதிரிதான் இருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு நேர்ல வாரேன்."

வைத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் அவள் அறைத் தோழி ஞாபகத்துக்கு வந்தாள். என் கடையிலிருந்து பேசுவதாகச் சொன்ன எவனிடமோ ஓடிபியைச் சொல்லி, சம்பளத்தை மொத்தமாக இழந்தவள். அதற்குப் பிறகுதான் அந்த போர்டை எழுதி மாட்டினேன். யாரும் படிப்பதில்லை என்றே நினைத்திருந்தேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி யூனிஃபார்மோடு வந்தாள். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, போனை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, புதிதாக வந்த ஓடிபியைத் தானே அடிக்க ஆரம்பித்தாள்.

"கோவிச்சுக்காதியக்கா" என்றாள்.

கோபமா? இந்த நாற்காலியில் இத்தனை பெருமையோடு நான் உட்கார்ந்ததே இல்லை. அவள் அடித்து முடிக்கும்வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை போர்டில் 'யார் கேட்டாலும்' என்பதற்குக் கீழே 'நானே கேட்டாலும்' என்று எழுத வேண்டும்.