நான் அம்மாவின் கையை இறக்கிய நிலையம்

போனுக்குள் இருந்தபடியே என்னை வளர்த்த என் பாலா மாமாவுக்கு,

நீங்கள் இறந்து முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த நினைவுப் புத்தகத்தில், அந்தக் கல்வெட்டில், நானும் ஒரு பக்கம் எழுதினேன். நீங்கள் பகிடிக்காரர், ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பீர்கள், என் தமிழைத் திருத்துவீர்கள் என்றெல்லாம் எழுதினேன். எல்லாம் உண்மை. அப்பா எழுதிய பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "ரயில் தவறியதால் தங்கை கடைசியாக அண்ணனோடு கதைக்க முடியாமற் போனது." அதை எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்ததும் நான்தான்.

ரயில் தவறவில்லை, மாமா. நான்தான் அதை அனுப்பிவிட்டேன். இப்போது ஒரு வருடம் முடிந்து உங்கள் ஆட்டத்திவசம் வருகிறது. அந்தக் கல்வெட்டை வாசித்த எல்லாரும் இதையும் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் எனக்கு முன்னமே சொல்லியிருந்தீர்கள். "எங்கட ஸ்ரேசனில ஒருத்தரும் இல்லை பிள்ளை. மாஸ்ரரும் நான்தான், சனமும் நான்தான். கையை நீட்டினா றெயில் நிக்கும்."

"சும்மா போங்கோ மாமா."

"அம்மாவாணை! எங்கட ஊர் பஸ் மாதிரித்தான்."

மழை நாளில் ஆடுகள் வந்து உங்கள் கடையில் சிப்ஸ் கேட்கும் என்றும் இதே குரலில்தானே சொன்னீர்கள்? எதை நம்புவது, எதை விடுவது?

வேல்ஸில் நீங்கள், சுவிஸில் டீட்டிகோனில் அம்மா. முதலில் உங்களுக்கு விசா இல்லை, பிறகு அம்மாவுக்கு இல்லை. பதினேழு வருடம் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் கைபேசித் திரையில் மட்டும் பார்த்தீர்கள். அம்மாவுக்குச் சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்து மூன்றாம் மாதம் உங்கள் இருதயத்தில் அடைப்பு என்று செய்தி வந்தது. வியாழக்கிழமை ஒரு மணிக்கு ஒப்பரேசன். "அதுக்கு முன்னம் ஒருக்கா அண்ணையோட நேரில கதைக்க வேணும்" என்பதைத் தவிர அம்மா அந்த வாரம் வேறு எதுவும் சொல்லவில்லை.

உங்களோடு கடையில் வேலை செய்யும் கரெத் விமான நிலையத்துக்கு வந்து, ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்துவிட்டதால் புதன்கிழமை பின்னேரம் எங்களை உங்கள் வீட்டில் இறக்கினார். காலையில் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கும் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றது நான். பத்து நாற்பத்தொன்றுக்கு ரயில், பன்னிரண்டுக்கு முன் அங்கே நிற்கலாம், எல்லாம் பார்த்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் யார் எங்கே போவதென்றாலும் என்னிடம்தான் நேரம் கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

உங்கள் நிலையத்தைப் பத்து நிமிடம் முந்தியே போய்ப் பார்த்தோம். ஒரு மேடை, மூன்று பக்கம் கண்ணாடி போட்ட ஒரு கொட்டில், அதற்குள் இருக்க ஒரு வாங்கு. ரிக்கெற் மெஷினும் இல்லை, மனிதரும் இல்லை. மழை சரிந்து பெய்தது. அறிவித்தல் பலகையில் நேர அட்டவணை இரண்டு மொழிகளில் இருந்தது. அந்த நீளமான வெல்ஷ் பெயர்களைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. கொப்பியை எடுத்து மூன்று பெயர்களை எழுதிக்கொண்டேன். உங்கள் ஊரின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு எக்ஸ் அடையாளம் இருந்தது. அதையும் பார்த்தேன். அதற்கான அடிக்குறிப்பு பலகையின் கீழே இருந்திருக்கும். நான் குனியவில்லை.

சுவிஸிலும் கேட்டால் மட்டும் ரயில் நிற்கும் சின்ன நிலையங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் மலையேறப் போகும்போது பார்த்திருக்கிறேன். அங்கே மேடையில் ஒரு பொத்தான் இருக்கும், அமத்தினால் லைற் எரியும். உங்கள் மேடையில் பொத்தான் இல்லை. அப்படியென்றால் எல்லா ரயிலும் நிற்கும் என்று முடிவு கட்டினேன். எவ்வளவு நல்ல தர்க்கம், இல்லையா மாமா?

பத்து நாற்பத்தொன்றுக்கு வளைவில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டே இரண்டு பெட்டி. வேகம் குறைந்தது. அம்மா கொட்டிலை விட்டு ஓடிப்போய் மழைக்குள் நின்று கையை நீட்டினார். ஊரில் கொடிகாமத்துச் சந்தியில் மினிபஸ்ஸை மறிக்கிற மாதிரி, உள்ளங்கை கீழே பார்க்க, முழுக் கையும் ஆடியது.

எனக்கு முகம் சுட்டது. "அம்மா! இது றெயில். கையை இறக்குங்கோ."

"காட்டினா என்ன பிள்ளை? ஆக்கள் நிக்கினம் எண்டு தெரியட்டுமே."

"வெக்கமாக்கிடக்கு அம்மா!" என்று அவருடைய முழங்கையைப் பிடித்து இழுத்தேன்.

கை இறங்கியது. சாரதியின் முகம் எனக்குத் தெரிந்தது. அவர் எங்களைத்தான் பார்த்தார். நீண்ட ஒரு கையைக் கண்டார், பிறகு அது இறங்குவதையும் கண்டார். வேண்டாம் என்கிறோம் என்றுதானே நினைத்திருப்பார்? மெல்லமாக ஒருமுறை ஹோர்ன் அடித்தார். இரண்டு பெட்டிகளும் எங்களுக்கு முன்னால் போயின. உள்ளே ஒருவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ரயிலுக்கு இரண்டரை மணித்தியாலம்.

கரெத்துக்குப் போன் எடுத்தோம். கடைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. உங்கள் போனும் நிறுத்திக் கிடந்தது. நிலையத்துக்கு வெளியே ஒரு பஸ் தரிப்பு இருந்தது. பஸ் வந்தபோது அம்மா கையை நீட்டவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நான் நீட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு என்றதும் சாரதி, ரயிலில் போயிருந்தால் சுறுக்காகப் போயிருக்கலாமே என்றார். அது நிற்கவில்லை என்றேன். அவர் சிரித்து, இடது கையை நன்றாக நீட்டிக் காட்டினார். கை நீட்டினால்தான் நிற்கும், நீட்டாவிட்டால் மழை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துவிடுவார்கள் என்றார்.

"என்னவாம்?" என்று கேட்டார் அம்மா.

"மழை விடுமாம், அம்மா."

வாழ்க்கையில் நான் சொன்ன எல்லாப் பொய்களையும் ஒரு பக்கத்தில் வைத்தாலும், இது ஒன்றே பாரமாக இருக்கும்.

வழியில் ஒரு சின்ன ஊரின் பஸ் நிலையத்தில் இறங்கி வேறு பஸ்ஸுக்கு இருபது நிமிடம் நின்றோம். மூன்று தரிப்பு, பூட்டிக் கிடந்த கழிவறை, ஈர வாங்குகள். அங்கே ஒட்டியிருந்த எல்லா அறிவித்தலையும் கடைசி எழுத்து வரை வாசித்தேன். நாய்களை எங்கே இருத்த வேண்டும், தொலைந்த குடைகளை எங்கே கேட்க வேண்டும், எல்லாம். அம்மா இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "எத்தினை மணி?" என்றார். பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு பதின்மூன்று. பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது ஒன்று இருபது. உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகள் சேர்த்துப் போட்டிருந்தன, கட்டில் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தாதி உங்கள் மூக்குக்கண்ணாடியை ஒரு பையில் போட்டுத் தந்தார். தங்கச்சி வருவா, மருமகளும் வருவா என்று சொல்லிக் கதிரைகளை நீங்களே போடுவித்தீர்களாம். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்டீர்களாம். அவர்களும் பத்து நிமிடம் பொறுத்தார்களாம்.

பத்து நிமிடம், மாமா.

ஒப்பரேசனுக்குப் பிறகு இரண்டு நாள் நீங்கள் கண் திறக்கவில்லை. அம்மா உங்கள் காதுக்குள் பதினேழு வருடத்தையும் கதைத்தார். உங்களுக்குக் கேட்டதோ? மூன்றாம் நாள் விடிய எல்லாம் முடிந்தது.

திரும்பி வந்ததும் அப்பா கேட்டார், "றெயில் நிக்கேல்லையோ?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்தினார்: "அது நிக்கேல்லை." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்குப் போனார், வந்தார். நான் கிம்னாசியம் என்ற மேற்படிப்புப் பள்ளியின் அனுமதிச் சோதனைக்குப் படித்தேன். பாஸ் பண்ணினேன், அது உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்கும் நேரம் வந்தால் நாங்கள் இருவரும் வீட்டில் வேறு வேறு அறைகளுக்குப் போய்விடுவோம்.

போன ஞாயிறு அம்மாவோடு வேலை செய்யும் ஒரு அக்கா வீட்டுக்கு மலைப்பக்கம் போனோம். திரும்பும்போது பார்த்தால் அங்கேயும் ஒரு சின்ன நிலையம். பொத்தான் வைத்த நிலையம். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"றெயில் வருகுது. அமத்தன் பிள்ளை."

என் கை எழும்பவில்லை. பொத்தான் எனக்கு முன்னால் இருந்தது. தண்டவாளம் இரையத் தொடங்கிவிட்டது.

"என்னடி? அமத்து!"

அழுகையோடு எல்லாம் வெளியே வந்தது. கை நீட்டினால்தான் நிற்குமாம், அம்மா நீங்கள் நீட்டினது சரி, நான்தான் இறக்கினேன், பஸ்காரர் சொன்னார், நான் மழை என்று பொய் சொன்னேன். அம்மா என்னைத் தாண்டிக் கையை விட்டுப் பொத்தானை அமத்தினார். லைற் எரிந்தது.

"தெரியும்," என்றார்.

"எப்ப?"

"அப்பவே. அந்த மனுசன் கையை நீட்டிக் காட்டினதைப் பாத்தனான்தானே. மழை விடுறதுக்கு ஆர் பிள்ளை அப்பிடிக் கை காட்டுறது?"

"பிறகு ஏன் என்னை ஏசேல்லை?"

ரயில் வந்து நின்றது. ஏறி ஜன்னலோரம் இருந்தோம். அம்மா சொன்னார்: "உன்ர கை என்ன இரும்போ? நீ பிடிச்சா நான் உதறியிருக்கலாம். இந்த நாட்டில நீ 'உஷ் அம்மா' எண்டா நான் அடங்கிப் பழகிட்டன். அண்டைக்கும் அடங்கிட்டன். அதை நினைச்சா எனக்கு என்னிலதான் கோவம்." பிறகு, "உன்ர மாமாவெண்டா இந்தக் கதையைச் சொல்லியே உன்னைச் சாகுமட்டும் நக்கலடிச்சிருப்பார்," என்றார். சிரித்தார் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை. ஆனால் என் கையைப் பிடித்திருந்தார்.

மன்னித்தாரோ? தெரியவில்லை. கேட்கவும் இல்லை. நீங்கள்?

ஆட்டத்திவசத்துக்கு அம்மாவும் நானும் உங்கள் ஊருக்கு வருகிறோம். கரெத் வான் கொண்டுவருவதாகச் சொன்னார். இந்த முறையும் வேண்டாம் என்றேன், ஆனால் பெருமையில் இல்லை. இப்போது அடிக்குறிப்பை வாசித்துவிட்டேன், மாமா. ஏறுவதற்குக் கை நீட்ட வேண்டும். இறங்குவதற்கு, ரயிலுக்குள் ரிக்கெற் பார்ப்பவரிடம் போய் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ரயில் உங்களைத் தாண்டிப் போய்விடும்.

உங்கள் ஊரின் பெயரைச் சொல்ல ஒவ்வொரு நாளும் பழகுகிறேன். நாக்கைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக் காற்றை ஊத வேண்டும். இன்னும் சரியாக வரவில்லை. வரும். சத்தமாக, பெட்டியில் உள்ள எல்லாருக்கும் கேட்கச் சொல்வேன். வெட்கப்படமாட்டேன். திரும்பி வரும்போது அம்மாவோடு மழைக்குள் நின்று, அவருக்கு முன்னம் நான் கையை நீட்டுவேன். ரயில் முழுதாக நிற்கும்வரை இறக்கமாட்டேன்.

உங்களைப் பகிடிக்காரர் என்று நினைத்து நம்பாமல் விட்ட,
உங்கள் ஒரே மருமகள்
ஆரணி