தூணுக்குப் பின்னால் ஒரு மேசை

சாப்பாட்டு மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. உள்ளே மட்டன் பெரட்டல். கல்யாண டின்னருக்காக ஓட்டலில் இன்று ருசி பார்க்கக் கொடுத்ததில் பாதியைக் கட்டி வாங்கிவந்தேன். மூடியைத் திறந்துவைத்து, அது ஆறட்டும் என்று இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கிறேன். முதலில் பட்டையும் சோம்பும் வீடு முழுக்க மணந்தன. இப்போது கொழுப்பு வாடை மட்டும் லேசாக வருகிறது. சின்னவள் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டாள். சூடுபண்ணித் தரட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

இந்தக் கிறுக்கை என்னிடம் ஒட்டவைத்துவிட்டுப் போனவள் நீதான். சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. உன்னிடம்தான் முதலில் ஓடிவந்து சொல்லியிருப்பேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னமும் ஏதாவது நல்ல சேதி வந்தால் கால் தானாகப் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்புகிறது. அங்கே இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். வாசலில் உன் செம்பருத்தித் தொட்டி இருந்த இடத்தில் அவர்கள் சைக்கிள் நிற்கிறது.

நாங்கள் பெர்மாஸ் ஜெயாவில் வீடு வாங்கி வந்த முதல் வாரம் உனக்கு ஞாபகம் இருக்குமே. பத்து பாகாட் ஊரில் துணித் தொழிற்சாலையில் செக்கிங் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்தவள் என்று உன்னைப் பற்றிச் சொன்னாய். சொல்லிக்கொண்டே, நான் ஆசை ஆசையாய் வாங்கிய சோபாவின் மெத்தையை எடுத்துத் திருப்பி, அடித்தையலை விரலால் இழுத்துப் பார்த்தாய். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தேத்தண்ணி கொடுக்காமலே அனுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆறே மாதத்தில் அதே இடத்தில் தையல் விட்டுப் பஞ்சு வெளியே வந்தது. அதற்குப் பிறகு திரைச்சீலையோ, சமையலறை அலமாரியோ, குளியலறைக்கு ஓடு பதிக்க ஆளோ, எதற்கும் உன்னை இழுத்துக்கொண்டுதான் போவேன்.

எனக்குப் பகட்டு பிடிக்கும். அதை உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? கண்ணாடிக் கதவும் குளிர்ந்த காற்றும் இருந்து, ஒருவர் வந்து 'வெல்கம் மேடம்' என்று சொல்லிவிட்டால் போதும், நல்ல இடம் என்று முடிவே செய்துவிடுவேன். அதனால்தான் எனக்கு 'மேடம்' என்றே பெயர் வைத்தாய். "முன்பக்கத்த அவங்களே காட்டிருவாங்க லா மேடம். நாம பின்பக்கத்தப் போயி பாக்கணும்," என்பாய். திரைச்சீலைக் கடையில் ஓரத்தை மடித்துப் பார்ப்பாய். சாப்பாட்டுக் கடையில் கழிவறைக்குப் போய்விட்டு வந்துதான் உட்காருவாய்.

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் ஒரு பெரிய ஸ்பாவில் நம் இருவருக்கும் இடம் எடுத்துக் கொடுத்தார்களே, அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. மங்கலான விளக்கு, மல்லிகை எண்ணெய், எங்கிருந்தோ தண்ணீர் சொட்டும் சத்தம். நான் கண்ணை மூடிச் சொர்க்கத்தில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து உன் குரல் கேட்டது. உனக்குத் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம், சாப்பிட்டாயா, எத்தனை மணிக்கு வந்தாய், நடுவில் உட்கார நாற்காலி கொடுக்கிறார்களா என்று மலாயில் விசாரித்துக்கொண்டிருந்தாய். அந்தப் பெண் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பதாகச் சொன்னாள். வெளியே வந்ததும், இனிமேல் இங்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாய். எனக்கு அந்த எண்ணெய் அவ்வளவு பிடித்திருந்தது. உன்னைத் திட்டிக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன்.

பெரியவள் கல்யாணத்துக்கு மண்டபம் தேட ஆரம்பித்தபோது நீ இன்னும் மோசம். தாலி கட்டுவது கோயிலில், அதில் நமக்குப் பேச்சே இல்லை. மாலை டின்னர்தான் பிரச்சினை. மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம், டாக்டர், வக்கீல் என்று இருக்கும் குடும்பம். அவர்கள் முன்னால் நான் குறைந்துவிடக்கூடாது என்று எனக்கு ஒரே பதற்றம். ஜொகூர் பாருவில் நான் பார்த்துவைத்திருந்த ஓட்டலுக்கு உன்னை அழைத்துப் போனேன். நான் மேடையையும் சரவிளக்கையும் பார்த்து வாயைப் பிளந்து நின்றபோது, நீ நேராக நடந்து போய்க் கடைசி மேசையில் உட்கார்ந்தாய். அங்கிருந்து கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டாய். நான் வரவில்லை. மேடைக்குப் பூ வைப்பவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து, "அந்த மேசைய எடுக்கச் சொல்லு. தூணு மறைக்குது. அங்க உட்கார்றவங்க என்னத்தப் பாப்பாங்க?" என்றாய். ஓட்டல்காரர்களிடம் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். ருசி பார்க்கக் கொடுத்த சாப்பாட்டையும் நீ அங்கே சாப்பிடவில்லை. டப்பாவில் வாங்கிவந்து ஆறவைத்துச் சாப்பிட்டுவிட்டு, பெரட்டல் தேறும், பிரியாணி தேறாது என்று தீர்ப்புச் சொன்னாய். கடைசி மேசைக்குப் போகும்போது சாப்பாடு இப்படித்தான் இருக்கும் என்பது உன் கணக்கு. நீ சொன்னபடி பிரியாணியை மாற்றினேன்.

ஆனால் உனக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். அழைப்புப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. யாரையும் விட மனசில்லை. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் ஓட்டலுக்குப் போன் போட்டு, அந்த மேசையைத் திரும்பப் போட்டுவிடுங்கள் என்றேன். யாராவது தூரத்துச் சொந்தத்தை அங்கே உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

டின்னர் அன்று உன் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் ஷிஃப்ட். நீ மட்டும் வந்தாய், அந்த மாம்பழக் கலர் பட்டுப்புடவையில். உன் இடம் மூன்றாவது மேசை, மேடைக்கு நேர் எதிரே. அதை நானே பார்த்துப் பார்த்து எழுதினேன். மாப்பிள்ளையின் பெரியப்பா, பெரிய டாக்டர், வரமாட்டேன் என்றிருந்தவர், கடைசி நேரத்தில் வந்து நின்றார். முன்னால் ஓர் இடம் வேண்டும். சம்பந்தியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். தனியாக இருந்தது நீ மட்டும்தான்.

உன் காதருகே குனிந்து, "நீ கொஞ்சம் பின்னால உட்காந்துக்கிறியா? நீ நம்ம ஆளுதானே," என்றேன்.

நீ கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். "போறேன் மேடம். சாப்பாடு சூடா வருதான்னு பாத்துக்கிறேன்," என்று சிரித்தாய். எந்த மேசை காலியாக இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. நீ போன திசையையும் பார்க்கவில்லை. டாக்டருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

மறுநாள் நீ போன் செய்தாய். டின்னர் ரொம்ப ஜோராக இருந்தது என்றாய். பெரியவளின் புடவையைப் புகழ்ந்தாய். அப்புறம், "புள்ள கேக் வெட்டறப்ப ஒன் மொகத்தப் பாத்தேன். அழுதிட்டல்ல?" என்றாய். நான் அழவே இல்லை. படம் எடுப்பவருக்காகப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியை மாத்து லா என்று உன்னைக் கேலி செய்தேன். நீயும் சிரித்தாய்.

அதற்குப் பிறகு நாலு வருடம் நீ உயிரோடு இருந்தாய். நாலு வருடம்! எத்தனை தேத்தண்ணி, எத்தனை கடை, எத்தனை கோயில் போயிருப்போம். மூன்றாவது மேசையிலிருந்து உன்னை எழுப்பியது எனக்குள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஆனால் நீ எதுவும் நினைக்கவில்லை போலிருக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு காலையில் நெஞ்சு வலி என்று உன்னை அழைத்துப் போனார்கள். மத்தியானம் சேதி வந்தது.

போன வாரம் சின்னவளோடு அதே ஓட்டலுக்குப் போனேன். அவளும் மாப்பிள்ளையும் அதுதான் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் மேடை அலங்காரம் பேசிக்கொண்டிருந்தபோது என் கால் பின்னால் போயிற்று. கடைசி மேசையில் உட்கார்ந்தேன். முதல் முறையாக. எதிரே தூண் இருந்தது, பளபளவென்று பொன்னிறத்தில். அதற்கு அப்பால் சமையலறைக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். மேடையில் நின்ற என் மகளின் செருப்பு நுனிகூடத் தெரியவில்லை.

அன்று பின்னால் வேறு எந்த மேசையிலும் இடம் இருந்திருக்காது. நீ எதையும் பார்க்கவில்லை. புடவையையும் பார்க்கவில்லை, கேக்கையும் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. எடுக்கச் சொன்ன மேசை திரும்பி வந்திருப்பதை மட்டும் பார்த்திருக்கிறாய். அதில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் எனக்காக எல்லாவற்றையும் கற்பனை செய்து சொல்லியிருக்கிறாய். ஏன்டி என்னைத் திட்டவில்லை? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேனே. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்போய்க்குப் போனேன். உன் வீட்டுக்காரர் இப்போது அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் அவரிடம் வாயால் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. அப்படியே நடந்ததையும் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். முதல் மேசையில் அவருக்கு இடம் என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டினார்.

"எனக்கு எதுக்கும்மா முன்னால? அவளே பெரிய புள்ள கல்யாணத்துல கடைசி மேசைய கேட்டு வாங்கி உட்காந்தாளாம். 'என்னைய நம்பி விட்டிருக்காங்க, கடைசிவரைக்கும் சாப்பாடு ஒழுங்கா போவுதான்னு நாந்தான் பாக்கணும்'னு சொன்னா. எத்தன பேருகிட்ட சொல்லியிருக்கா தெரியுமா, அவ்ளோ பெருமை."

சொல்லிவிட்டு உன் படத்தைப் பார்த்தார். அதே மாம்பழக் கலர் புடவைதான். உண்மை என் வாய்வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அவரிடம் இருந்து அந்தப் பெருமை போயிருக்கும். தேத்தண்ணியைக் குடித்தேன். "ஆமாண்ணே, அவதான் பாத்துக்கிட்டா," என்றேன்.

ஓட்டலில் அந்த மேசையை எடுக்கச் சொல்லிவிட்டேன். பத்துப் பேரைப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று, அதில் இரண்டு பேர் இனி என்னோடு பேசமாட்டார்கள். டின்னர் அன்று விருந்தினர் வருவதற்கு முன்னால் நானே போய்ப் பார்ப்பேன். எந்த நாற்காலியிலிருந்தும் மேடை தெரியவேண்டும். அண்ணன் முன்னால்தான் உட்காரவேண்டும். அதற்கு உன் பேரைச் சொல்லி ஏதாவது பொய் சொல்லிக்கொள்வேன், உன்னிடம் கற்றதுதானே.

பெரட்டல் ஆறிவிட்டது. ஓரத்தில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கிறது. ஒரு துண்டை வாயில் போட்டேன். தேறும், நீ இருந்தாலும் அதையேதான் சொல்வாய். இரண்டாவது துண்டை எடுக்க முடியவில்லை, கண்ணீர் மறைக்கிறது. சின்னவள் மறுபடியும் வந்து நிற்கிறாள். என்னம்மா, ஏன் அழறீங்க என்று கேட்கிறாள். அன்றைக்கு நீ பார்த்ததாகச் சொன்ன முகம் இதுதான்.