ரோட்டை உடைக்காமல் ஒரு குழாய்

நேற்று பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில், தொலைபேசிக்காரர்கள் திறந்து வைத்திருந்த குழியைப் பார்த்தபடி, ஐம்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை நான் மூக்கை உறிஞ்சி அழுதுகொண்டிருந்தேன். கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவர், “அங்கிள், ஏதாச்சும் உள்ள விழுந்துடுச்சா?” என்றார். உண்மையைச் சொல்ல வெட்கம். மோதிரம் என்று சொல்லிவிட்டேன். பாவம் மனுஷர், கால்மணி நேரம் டார்ச் அடித்துத் தேடினார். நானும் கூடவே நின்று, இல்லாத மோதிரத்துக்கு அடையாளம் சொன்னேன்.

இருபத்தைந்து வருஷம் கிள்ளான் தெருக்களுக்கு அடியில் அதே வேலையைச் செய்தவன் நீ, நண்பா. என் பொய்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பவனும் நீதான். ஒன்றைத் தவிர என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் உன் நெஞ்சில், இதயத்திலிருந்து வளைந்து முதுகை ஒட்டி இறங்கும் பெரிய ரத்தக் குழாய் பலூன் மாதிரி ஊதிப்போயிருந்தது. எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். நெஞ்சைப் பிளந்து சரிசெய்ய உன் உடம்பு தாங்காது. தொடை இடுக்கில் சின்னதாக வெட்டி, கம்பிவலை கோத்த துணிக்குழாயை உள்ளே செலுத்தி, வீங்கிய இடத்தில் விரிய விடும் புது வழி ஒன்று வந்திருந்தது. அதைச் செய்ய வந்திருந்த வெளிநாட்டு டாக்டருக்கு இங்கிலீஷ் மட்டும்தான். உனக்கு மலாயும் தமிழும். வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா என்ற தகுதியில் நான் நடுவில் உட்கார்ந்தேன்.

டாக்டர் காட்டிய படத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிட்டது. “ரோட்ட ஒடைக்காம, பழைய குழாய்க்குள்ள புதுக் குழாய எறக்குறாங்க. அவ்ளோதானே?” பிறகு கேட்டாய்: “சரி, பக்கத்துல பிரிஞ்சு போற சின்ன லைனெல்லாம் அடச்சுக்காதா?”

நான் கேட்டுச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிதானமாக, நீளமாகப் பதில் சொன்னார். முதுகுத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் கிளைகள் அடைபடலாம். கால்கள் செயலிழக்கவும் கூடும்.

நான் உன் பக்கம் திரும்பி, “அதெல்லாம் பாத்துக்குவாங்களாம்,” என்றேன்.

“அவ்ளோ நேரம் பேசுனாரு, நீ இத்துனூண்டு சொல்ற?”

“வெள்ளைக்காரன் லா. சுத்தி வளைச்சுத்தான் பேசுவான்.”

உண்மையைச் சொன்னால் நீ எழுந்து பண்டமாரான் வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாய், அந்த பலூன் வழியிலேயே வெடித்துவிடும் என்ற பயம் எனக்கு. மறுநாள் ஆஸ்பத்திரியின் சம்மதப் பாரத்தில் நீ கையெழுத்துப் போட்டாய். சாட்சியாக நானும் போட்டேன். அடுத்தவர் பத்திரங்களையெல்லாம் வரிவரியாகப் படிக்கிறவன், அன்றைக்குப் படிக்கவில்லை.

குழாய் சரியாகவே உட்கார்ந்தது. ஆனால் இரண்டாம் நாள் காலையில் உன் இடது கால் அசையவில்லை. “ஒரு லைன் கட்டாயிடுச்சுடா,” என்று நீ சிரித்தாய். நான் கழிவறைக்குப் போய் நீண்ட நேரம் கை கழுவினேன்.

அதன்பிறகு உனக்கு இரண்டு வருஷம் கைத்தடி, எனக்கு இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை. தவறாமல் பாசார் கடையில் புட்டு மாயம் என்கிற இடியாப்பம் வாங்கி, தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் தனியாகக் கட்டச்சொல்லி, உன் வீட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு வாரமும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வருவேன். நீ தட்டை நீட்டுவாய். நான் ஏதாவது ஊர்வம்பை எடுத்துவிடுவேன். போன மாதம் காய்ச்சலில் நீ போகும்வரை வம்புதான் பேசினோம்.

இந்த ஞாயிறும் கால் பழக்கத்தில் வந்துவிட்டது. பொட்டலத்தை வாங்கிக்கொண்ட உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் அலமாரியிலிருந்து அந்தப் பாரத்தின் நகலைக் கொண்டுவந்து வைத்தார். மலாயில் அச்சடித்தது. கால் பற்றிய வரிக்கு அடியில் பேனாக்கோடு.

“மொத நாள் ராத்திரியே கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சுட்டுதான்ணே கையெழுத்துப் போட்டாரு. ஒங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னாரு. சொன்னா புட்டு மாயம் நின்னுடுமாம்.”