ஓதச் சுவருக்கு ஓர் ஆங்கிலச் சொல்

ஜூலை 4
நான் வேலை பார்க்கும் ஆங்கிலம்-தமிழ் அகராதியில் 'டெக்' (deck) என்ற ஆங்கிலச் சொல் என் தலையில் விழுந்தது. அலங்கரித்தல், ஜோடித்தல் என்று எழுதிக் கொடுத்தேன். "எங்கேருந்து வந்த சொல்னு பாக்கலியா?" என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

மகளின் அறைச் சுவர் மறுபடி ஓதம் காக்கிறது, தொட்டால் ஈரம். "மழை விடட்டும் சார், பாக்கலாம்" என்கிறார் ஹவுஸ் ஓனர். மழை விட்டபிறகு எதைப் பார்ப்பாராம்?

ஜூலை 6
கண்டுபிடித்துவிட்டேன். இடைக்கால டச்சு மொழியிலிருந்து வந்தது. முதல் பொருள் மூடுவது, மேலே போர்த்துவது. அழகெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்தால், மனைவி ஓதச் சுவரில் பழைய திரைச்சீலையை ஆணியடித்து, மகளோடு சேர்ந்து அதில் காகிதப் பூ ஒட்டிக்கொண்டிருக்கிறாள். "கறை தெரியலைல?"

தெரியவில்லைதான். சொல்லின் கதையைச் சொன்னேன். "அப்போ என்னைக் கேட்டே அகராதி எழுதலாம்" என்று சிரித்தாள். நானும் ஒரு பூ ஒட்டினேன். கோணல். "பரவால்லப்பா, இருக்கட்டும்" என்றாள் மகள்.

ஜூலை 9
பூச்சுவர் பக்கம்தான் தூங்குவேன் என்று மகள் ஒரே அடம். கட்டிலை ஒட்டிப் போட்டோம்.

ஜூலை 17
மகளுக்கு இருமல்.

ஜூலை 20
வீசிங்காம். "வீட்ல ஈரம், பூஞ்சை ஏதாவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"இருந்துச்சு" என்றாள் மனைவி. இருந்ததாம்! மூடிவிட்டால் போய்விடுமா? நான் மட்டும் என்ன யோக்கியம், நானும்தானே பூ ஒட்டினேன்.

வந்ததும் மகளை எங்கள் அறையில் படுக்க வைத்துவிட்டு, அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு திரைச்சீலையைக் கிழித்தேன். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு. துடைத்தால் கையோடு வருகிறது, துடைத்த இடத்தில் ஈரம் கசிகிறது. ஓனர் போனை எடுக்கவில்லை. வேறு வீடு பார் என்கிறார்கள் — இந்த வாடகைக்கு எவன் குடுப்பான்? நான் என்னதான் பண்றது? யார்கிட்ட போய் நிக்கிறது?

ஜூலை 22
மகளை அவள் அறைக்குள் விடாமலே, மனைவியோடு மச்சினி வீட்டில் விட்டு வந்தேன். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 26
'டெக்'குக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் கேட்கிறார் பதிப்பாசிரியர். ஒன்றும் எழுத வரவில்லை.

திரைச்சீலையைப் பூவோடு சேர்த்துக் குப்பையில் போட்டாயிற்று. சாயங்காலம் மகள் போன் செய்தாள். மூச்சு பரவாயில்லை.

"அப்பா, என் பூவெல்லாம் அப்படியே இருக்கா?"

"இருக்குடா தங்கம்."

"நீங்க ஒட்டுன கோணப் பூ?"

"அதுவும் இருக்கு."