முப்பதில் ஒரு பள்ளம்

சித்தூர்
12 ஜூன் 2024

அன்புள்ள கீர்த்தி,

ஹாஸ்டலில் எல்லோரும் சௌக்கியமா? பக்கவாதம் வந்த நைனாவுக்கு வலப்பக்கம் இன்னும் அசைவே இல்லை. பார்த்துக்கொள்ள மகள் என்னை விட்டால் ஆளில்லை.

ஓர் உதவி செய். லேபில் என் கம்ப்யூட்டரைத் திற. பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்து விழுங்குகிறதே என் நியூட்ரான் நட்சத்திரம், அதன் எக்ஸ்ரே நிறமாலையில் முப்பது கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு பள்ளம் தெரிகிறது. அது நிஜமானால், பள்ளம் விழுந்த இடத்தை வைத்து அந்த நட்சத்திரத்தின் காந்தப்புலத்தை முதலில் அளந்தவள் நான்தான். கைடு சாரிடம் இன்னும் சொல்லவில்லை. நீ பார்த்துச் சொல்.

உன் தபிதா

திருப்பதி
3 ஜூலை 2024

என் கண்ணு தபிதா,

பார்த்தேன். வெறும் கருவி இரைச்சல்தான்டி, பள்ளமெல்லாம் இல்லை. சாரிடம் காட்டிப் பேச்சு வாங்காதே. அதை மறந்துவிட்டு நைனாவைக் கவனி. உன் கட்டிலை யாருக்கும் விடவில்லை.

என்றும் உன் கீர்த்தி

திருப்பதி
2 பிப்ரவரி 2025

அன்புத் தபிதா,

வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பள்ளம் என் பெயரில் கட்டுரையாக வந்துவிட்டது. "ஊருக்குப் போய்ட்டுத் திரும்பாதவங்க பேரெல்லாம் எதுக்கும்மா?" என்றார் சார். கடைசியில் உனக்கு நன்றி போட்டிருக்கிறேன், பார். நைனா அடக்கத்துக்கு நான் வராததும் இதனால்தான். அந்த வாரம்தான் கட்டுரையை அனுப்ப வேண்டியிருந்தது.

மார்ச் 12 எனக்கு பிஎச்.டி. வைவா. அது முடிந்ததும் ஜெர்மனியில் வேலை. கோபப்படாமல் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும்.

முத்தங்களுடன்
கீர்த்தி

சித்தூர்
15 மார்ச் 2025

கீர்த்தி,

கூப்பிட்டாய், வந்தேன். முன்வரிசையிலேயே உட்கார்ந்தேன்.

நைனா போன பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அந்தத் தரவை மறுபடி எடுத்தேன். கருவியின் பின்னணிக் கதிர்களைக் கழிக்கும்போது வேறொரு நாளின் கோப்பைக் கழித்திருக்கிறேன். சரியான கோப்பைப் போட்டதும் பள்ளமே இல்லை. தப்பு என்னுடையது. என் கோப்பை அப்படியே எடுத்துப் போட்ட உனக்கு அது தெரியவில்லை.

அதை உனக்கு எழுதி உறையை ஒட்டிய அன்றுதான் உன் கடிதம் வந்தது. உறையோடு கிழித்துப் போட்டேன். அதே கணக்கை உன் வெளித்தேர்வாளருக்கு அனுப்பினேன்.

"பின்னணி எந்தத் தேதியுடையது?" என்று வைவாவில் அவர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். ஆய்வேட்டைத் திருப்பிவிட்டார்கள். ஜெர்மனியும் இல்லை என்று கேள்விப்பட்டேன்.

வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சிக்கினே சும்மா இருந்தியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி?" என்று அழுதாய். பாகாலா வழியாகச் சித்தூர் போகும் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் நாள் இருந்தது. தினமும் காலையில் நினைத்துக்கொண்டேன். தினமும் சொல்லாமல் இருந்தேன்.

தபிதா