ரீலுக்குப் போன சாக்ஸ்

கோபம் ஆறாத அன்போடு, என் அப்பாவுக்கு,

உங்கள் தூண்டில் ரீல் நன்றாக இருக்கிறது. முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். அம்மாவும் நானும் இருக்கிறோம்.

உப்பனாற்றில் தூண்டில் போட்டுவிட்டு வந்ததும் நீங்கள் சோறு கேட்க மாட்டீர்கள். குழாயை நூல் அளவுக்குத் திறந்து ரீலைக் காட்டுவீர்கள். வேகமாக விட்டால் உப்பு உள்ளே போய்விடுமாம். நிழலில் உலர்த்தி, இரண்டே சொட்டு எண்ணெய் விட்டு, முன்பக்கத் திருகைத் தளர்த்துவீர்கள். "இறுக்கியே வெச்சா உள்ள இருக்கிற வாஷர் செத்துப்போயிடும்" என்று அம்மாவிடம் சொல்வீர்கள். நான் கையில் எடுத்தால் பிடுங்கிக்கொள்வீர்கள். அதனால் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஒன்பதாவதோடு என்னை நிறுத்தினீர்கள். "தையல் கடைக்குப் போ. படிச்சவங்கல்லாம் என்னாத்தக் கிழிச்சாங்க" என்றீர்கள். நான் தலை குனிந்து நின்றேன். "பாத்தியா, புள்ளைக்கே இஷ்டம்தான்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். பேசாமல் நின்றால் சம்மதமா அப்பா?

மறுநாளே என் பள்ளிக்கூடத்து வெள்ளை சாக்ஸ் ஒன்றில் ரீலைப் போட்டு ஆணியில் மாட்டினீர்கள். பிளாஸ்டிக் பையென்றால் வியர்த்துத் துருப்பிடிக்கும், துணியென்றால் காற்று போகும். நான் பார்த்ததும், "இனிமே உனக்கு எதுக்கு?" என்றீர்கள்.

நீங்கள் போன பதினாறாம் நாள், படையலில் உங்கள் போட்டோ முன்னால் ரீலையும் வைத்தார்கள். குடிகாட்டிலிருந்து வந்த அத்தை, "எந்தம்பி பொருளு பளபளன்னு இருக்கணும்" என்று அழுதபடியே தேங்காய் எண்ணெயை வழிய வழியப் பூசி, விபூதியும் இட்டார். தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

மார்கழியில் சிதம்பரத்து மாமா வந்தார். "மச்சான் ரீல எனக்குத்தான் தரேன்னு சொல்லியிருந்தாருக்கா. இவ வெச்சிக்கினு என்னா பண்ணப்போறா?"

அம்மா உடனே எடுத்துக் கொடுத்தார். அது போகக்கூடாது என்று எனக்கு இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். உங்கள்மேல் இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு ரீல் மட்டும் எனக்கு எதற்கு?

மாமா கைப்பிடியைச் சுற்றினார். அசையவில்லை. குளிரில் உறைந்த எண்ணெயும் விபூதியும் உள்ளே களியாகியிருந்தன.

"செத்துப்போச்சுக்கா, இரும்புக்கடைக்குப் போடு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னா பாப்பா, ரீலுக்கும் எண்ண தேச்சி தலைக்குக் குளிப்பாட்டினீங்களா?"

கழற்றித் துடைத்தால் ஓடும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அன்றைக்கு உங்கள் முன் நின்றதுபோலவே தலை குனிந்து நின்றேன். மாமா வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு இரண்டு நாள் துடைத்தேன். நான் வேலை பார்க்கும் தையல் கடையில் மெஷின் எண்ணெய் கேட்டு வாங்கி, இரண்டே சொட்டு விட்டேன். இப்போது சத்தமில்லாமல் சுற்றுகிறது.

சாக்ஸைத் துவைத்து அதன் ஜோடியோடு பெட்டியில் வைத்துவிட்டேன். காலுக்குப் பத்தாது. இருக்கட்டும். ரீலுக்கு உங்கள் கட்டம் போட்ட சட்டையை வெட்டிப் பை தைத்தேன்.

"அப்பா சட்டைய ஏன்டி வெட்டுன?" என்றார் அம்மா.

"இனிமே அவருக்கு எதுக்கும்மா?" என்றேன்.

திருகைத் தளர்த்தியே வைப்பேன். மாதம் ஒருமுறை உப்புக்காற்று போகத் துடைப்பேன். யாருக்கும் கொடுக்க மாட்டேன். இது சத்தியம். உங்களை மன்னித்தேனா என்பதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இந்த முறையாவது, நான் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதுநகரிலிருந்து,
உங்கள் ஒரே மகள்